ஸ்னாட்ச்: யாருடைய பொறுப்பிலும் இல்லாத வண்டி

பிரித்தானிய இராணுவத்தில் ஸ்னாட்ச் என்றொரு லாண்ட் ரோவர் இருந்தது. 1992இல் வட அயர்லாந்துக்கென்று வந்தது. கலவரக் கூட்டத்துக்குள் பாய்ந்து, முன்னால் நின்று கல்லெறிபவனைப் பிடித்துப் பின்கதவால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடுவதற்கென்றே அங்கே சிறு குழுக்கள் இருந்தன. அந்தக் குழுக்களின் பெயரே வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் பருத்த லாண்ட் ரோவர் டிஃபென்டர், அவ்வளவுதான். கூரையில் ஒரு திறப்பு; அதன் வழியாக இரண்டு பேர் இடுப்புக்கு மேலே வெளியே தெரிய, ஆளுக்கொரு பக்கம் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

பிரித்தானியாவில் பழைய இராணுவ வண்டிகளை வெளியில் நிறுத்திக் காட்டும் கண்காட்சிகள் கோடையில் நடக்கும். இராணுவம் கழித்துவிட்ட ஸ்னாட்ச்களை வாங்கிப் பெயின்ற் அடித்து வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றின் பக்கச் சுவரை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தேன். இரும்பின் சத்தம் வரவில்லை. அது கண்ணாடி இழையைப் பிசினோடு சேர்த்து அடுக்கடுக்காக அழுத்திச் செய்த கவசம். எடை குறைவு. துவக்குச் சூட்டைத் தாங்கும். கல்லையும் பெற்றோல் குண்டையும் தாங்கும். சுட்டால் உள்ளே உலோகச் சில்லுகள் தெறிக்காது. பெல்பாஸ்ட் தெருக்களுக்கு இதைவிடக் கெட்டித்தனமான வண்டியைக் கற்பனை செய்வது கடினம். சாதாரண லாண்ட் ரோவர் போகும் சந்தெல்லாம் போகும், சந்தைக்கு நடுவில் நின்றாலும் டாங்கி நிற்பதுபோல் தெரியாது. நான் குனிந்து அடியையும் பார்த்தேன். தட்டையான தளம். நிலத்திலிருந்து பெரிய உயரமும் இல்லை.

2003இல் ஈராக் படையெடுப்பு முடிந்து, தெற்கே பஸ்ராவும் மைசான் மாகாணமும் பிரித்தானியர் கைக்கு வந்தன. முதல் மாதங்களில் அவர்களுக்குத் தங்களைப் பற்றி ஒரு பெருமிதம் இருந்தது. அமெரிக்கர்கள் கறுப்புக் கண்ணாடியும் தலைக்கவசமுமாக நிற்க, நாங்களோ கவசத்தைக் கழற்றிவிட்டுத் துணித்தொப்பியோடு சந்தையில் நடந்து மக்களோடு பேசுகிறோம், இதெல்லாம் வட அயர்லாந்து முப்பது வருடமாகச் சொல்லித்தந்த பாடம் என்று அதிகாரிகளும் சொன்னார்கள், பத்திரிகைகளும் எழுதின. வட அயர்லாந்தில் கத்தோலிக்கக் குடியிருப்புகளில் வளர்ந்த யாரையாவது கேட்டிருந்தால் அந்தப் பாடத்தைப் பற்றி வேறு கதை சொல்லியிருப்பார்கள். அது நிற்க. அந்த நினைப்போடு சேர்ந்து அந்த வண்டியும் ஈராக் போனது.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாரியர் போன்ற கனமான சங்கிலிச்சக்கர வண்டியைக் குடியிருப்புக்குள் கொண்டுபோனால் நடைபாதைக் கல் உடையும், கழிவுநீர்க் குழாய் நொறுங்கும், தாழத் தொங்கும் மின்கம்பி அறும். உங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒன்று ஒவ்வொரு நாளும் திரும்பினால் அதை ஓட்டுபவனை உங்களுக்குப் பிடிக்கப் போவதில்லை. ஆகவே சின்ன வண்டி வேண்டும் என்று களத்தில் நின்ற தளபதிகளே கேட்டார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுக்க ஸ்னாட்ச்சைத் தவிர வேறு சின்ன வண்டி இல்லை என்பதுதான் கோளாறு.

2005 வாக்கில் தெற்கு ஈராக்கில் புதுவிதமான வீதியோரக் குண்டு பரவியது. ஒரு குறுகிய உருளை, அதற்குள் வெடிமருந்து, வாயில் உட்குழிந்த செப்புத் தட்டு. வெடித்ததும் அந்தத் தட்டு உருமாறி, வினாடிக்கு இரண்டு கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் பறக்கும் உலோகக் கட்டியாகிவிடும். கிளைமோர் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, வீதிக்கரையில் வைத்துப் பக்கவாட்டில் அடிக்கும் வெடி புதிதல்ல. ஆனால் கிளைமோர் சிதறும் குண்டுமணிகளால் ஆட்களைக் கொல்வது. இது ஒரே கட்டியாகக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு போவது. இதை வெடிக்கவைக்க வானொலி அலைகூடத் தேவைப்படவில்லை. கடந்துபோகும் இயந்திரத்தின் சூட்டை அகச்சிவப்பு உணரி கண்டுகொள்ளும். வானொலிச் சமிக்ஞையைக் குழப்பும் கருவிகளை எத்தனை ஏற்றினாலும் அதற்குப் பயனில்லை. குண்டை வீதியோரக் கல்லுக்குள்ளும் சீமெந்துக் கட்டிக்குள்ளும் மறைத்து வைத்தார்கள். கண்ணாடி இழைச் சுவர் அந்தச் செப்புக் கட்டிக்கு ஒரு பொருட்டே அல்ல.

2005 ஜூலை 16 அன்று மைசானின் அமாரா நகரில் ஒரு ஸ்னாட்ச் அடிபட்டு ஸ்ராஃபோர்ட்ஷயர் படையணியைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அது முதலாவதும் அல்ல, கடைசியும் அல்ல. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஸ்னாட்ச்சுக்குள் இறந்த பிரித்தானியர்கள் 37 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். சிப்பாய்களே அதை ஓடும் சவப்பெட்டி என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஓட்டுகிறவனும் கூரையில் நிற்கிறவனும் அப்படிச் சொல்லிக்கொண்டே ஏறிப் போனதை நினைக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

நான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கண்ட கவச வண்டி பவள். பவளின் சத்தம் கேட்டால் சைக்கிளை விட்டு இறங்கி வேலியோரம் நிற்போம். உள்ளே இருப்பவனுக்கு அந்த வண்டி பாதுகாப்பானதா, அடி தட்டையா கூரா என்று யோசிக்கும் நிலையில் அன்று யாரும் இல்லை. அந்த யோசனையெல்லாம் எனக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. வந்தபின் விடவும் இல்லை. ஏனென்றால் பவளின் கதையும் ஸ்னாட்ச்சின் கதையும் ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொள்கின்றன.

பவள் தென்னாப்பிரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் செய்யப்பட்டது. அங்கே அதன் பெயர் பஃபல், ஆபிரிக்கான்ஸ் மொழியில் காட்டெருமை. நமீபியாவில் மணல் வீதிகளில் புதைத்துவைத்த டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள் லொறிகளைச் சிதறடித்தபோது, ரொடீசியாவிலும் (இன்றைய சிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பொறியியலாளர்கள் வண்டியின் அடியையே பார்க்கத் தொடங்கினார்கள். தட்டையான தளத்துக்குக் கீழே வெடித்தால் முழுத் தாக்கமும் தளத்திலேயே இறங்கும். அதையே படகின் அடிபோல V வடிவில் மடித்தால் வெடிப்பின் வாயு இரு பக்கமும் வழுகிப் போகும். தளத்தை நிலத்திலிருந்து உயர்த்தினால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் தாக்கம் குறையும். ஆட்களைத் தளத்தில் பாதம் படாதபடி வார்போட்டு இருக்கையில் கட்டிவைத்தால், வண்டி தூக்கி எறியப்பட்டாலும் முதுகெலும்பு தப்பும். ரயர் பறந்துபோகும், அச்சு முறியும், எஞ்சின் போய்விடும். ஆட்கள் இறங்கி நடந்து வருவார்கள். பவளில் ஜெர்மன் யூனிமொக் லொறியின் சட்டத்தின் மேல் இந்தக் கூர் அடித் தொட்டியை வைத்தார்கள். அதே காலத்தில் வந்த காஸ்பிர் இன்னும் ஒரு படி மேலே போய், முழு உடலையும் ஒரே கூட்டாகச் செய்தது. ஒரு சக்கரத்துக்குக் கீழே 21 கிலோ, நேர் அடியில் 14 கிலோ ரிஎன்ரி வெடித்தாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்கவேண்டும் என்பது அதற்கு வகுத்த அளவு.

இந்த அறிவு நல்ல இடத்தில் பிறக்கவில்லை. நிறவெறி அரசின் எல்லைப் போருக்காகப் பிறந்தது. பிறகு அதே காஸ்பிர்கள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் பொலிஸ் வண்டியாகப் போயின. சொவெற்றோவில் வளர்ந்த ஒருவருக்கு அந்த மஞ்சள் வண்டி எதை நினைவூட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆட்சி போனபின் அதே வண்டிகள் மொசாம்பிக்கில் கண்ணிவெடி அகற்றப் போயின. 1984 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவிடம் ஆயுதமோ இராணுவ வாகனமோ வாங்கவேண்டாம் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. அதையொட்டிய காலத்திலேயே பவள்கள் இலங்கை வந்து இறங்கின. பின்னர் இலங்கை இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவு அதைப் பார்த்து யூனிகோர்ன், யூனிபஃபல் என்று உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியது.

கேள்வி இதுதான். பணமில்லாத ஒரு சின்ன நாட்டு இராணுவம் 1980களில் கண்ணிவெடிக்கு V வடிவ அடிதான் மறுமொழி என்று தெரிந்து, தன் பட்டறையில் அதைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. இருபது வருடம் கழித்து, உலகின் பழம்பெரும் இராணுவங்களில் ஒன்று தன் பிள்ளைகளைத் தட்டை அடி லாண்ட் ரோவரில் ஏற்றி அனுப்பியது. தெரியாமல் அனுப்பியதா?

தெரியும். 1990களில் பொஸ்னியாவில் கண்ணிவெடிகளுக்கு நடுவே நின்றபோது பிரித்தானிய இராணுவம் தென்னாப்பிரிக்க மம்பா வண்டிகள் சிலவற்றை வாங்கி ஓட்டியது. வேலை முடிந்ததும் விற்றுவிட்டது. அதாவது அறிவு கையில் இருந்தது, வண்டியும் கையில் இருந்தது, இரண்டையும் கழித்துவிட்டார்கள்.

இதற்கான விளக்கத்தை 2016 ஜூலை 6இல் வெளியான, ஈராக் போர் பற்றிய பிரித்தானிய விசாரணையின் சில்கொட் அறிக்கையில் தேடிப் படித்தேன். 12 தொகுதிகள், ஏறத்தாழ 26 இலட்சம் சொற்கள். இராணுவத் தளபாடங்கள் பற்றிய பகுதி குறிப்புகளும் கூட்டங்களும் கடிதங்களுமாக நீளும். திகில் கதை போல் வாசிக்க முடியாது, ஆனால் பொறுமையாக வாசித்தால் திகிலாகத்தான் இருக்கும். பாதுகாப்பு அமைச்சு அந்தக் காலத்தில் ஃப்ரெஸ் என்ற பெருந்திட்டத்தில் மூழ்கியிருந்தது. எதிர்காலத்து நடுத்தர எடைக் கவச வண்டிக் குடும்பம் ஒன்றை முழுதாகப் புதிதாக உருவாக்குவது அதன் கனவு. இடையில் ஈராக்குக்கென்று வேறு ஏதாவது வாங்கினால் கனவுக்கான பணமும் காரணமும் கரைந்துபோகும் என்ற தயக்கம் அதிகாரிகளுக்கு. மறுபக்கம், ஈராக்கிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுவோம் என்ற நம்பிக்கை. வெளியேறப்போகிற இடத்துக்கு ஏன் புதிய வண்டி? அந்த நம்பிக்கை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்பட்டது. 2006இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டுக்கும் படை போனது. இருந்த கொஞ்சமும் இரண்டாகப் பங்கு பிரிந்தது.

அறிக்கை, வெடிகுண்டு அச்சுறுத்தலுக்கு அமைச்சு மெதுவாகவே அசைந்தது, அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று முடிவு சொல்கிறது. என்னை நிறுத்திய இடம் அது அல்ல. இப்படியொரு குறை இருக்கிறது என்று கண்டுபிடித்து எடுத்துச் சொல்லும் பொறுப்பு அமைச்சுக்குள் எந்த ஆளிடம், எந்தப் பிரிவிடம் இருந்தது என்பதே தெளிவாக இல்லை என்று அறிக்கை எழுதுகிறது. களத்தில் இருப்பவன் கேட்டால்தான் வாங்கலாம் என்று இலண்டன் நினைத்தது. இருப்பதிலிருந்துதான் கேட்க முடியும் என்று களம் நினைத்தது. மூன்று வருடத்துக்கு மேல் புதிய வண்டிக்கான கோரிக்கை பிறக்கவேயில்லை. நான் பெரிய நிறுவனங்களில் வேலை செய்திருக்கிறேன். அச்சுப்பொறிக்கு மை வாங்குவது யார் பொறுப்பு என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலுவலகம் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே நோய் உயிர் போகும் இடத்திலும் அப்படியே இருக்கும் என்பதை ஏற்க மனம் மறுக்கிறது, ஆனால் தாள்கள் அதைத்தான் காட்டுகின்றன.

2006 ஜூனில்கூட, கொள்முதலுக்குப் பொறுப்பான அமைச்சர் டிரேசன் பிரபு நாடாளுமன்றத்தில் எழுந்து, ஸ்னாட்ச் அந்த வேலைக்குப் பொருத்தமற்றது என்பதை ஏற்க மாட்டேன், தேவையான நகர்திறனையும் பாதுகாப்பையும் அது தருகிறது என்று சொன்னார். அடுத்த மாதமே மாஸ்ரிஃப் என்ற புதிய வண்டி வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஆறு மாதம் மட்டில் முதல் வண்டிகள் ஈராக்குக்குப் போய்ச் சேர்ந்தன. மனம் வைத்தால் அவ்வளவுதான் எடுத்தது. மாஸ்ரிஃப் என்பது அமெரிக்கக் கூகர் வண்டி. கூகரைச் செய்த ஃபோர்ஸ் புரொடெக்‌ஷன் நிறுவனத்தின் வடிவமைப்புக்குப் பின்னால் இருந்தது தென்னாப்பிரிக்கக் கண்ணிவெடி ஆய்வு. அந்த ஆய்வின் முக்கியமான ஆளான வேர்னன் ஜொயின்ற் பின்னர் அந்த நிறுவனத்திலேயே சேர்ந்தார். பொஸ்னியாவில் விற்றுத் தள்ளிய அறிவை அமெரிக்கா வழியாகச் சுற்றி வாங்கினார்கள்.

அமெரிக்கர்களுக்கும் இதில் மார்தட்ட இடமில்லை. ஹம்வீ 1980களில் ஜீப்புக்குப் பதிலாக வந்த வண்டி, போர்முனைக்குப் பின்னால் ஓடுவதற்கு. ஈராக்கில் பின்புறம் என்று ஒரு இடமே இல்லாமல் போனபோது, சிப்பாய்கள் குப்பைமேட்டில் இரும்புத் தகடு பொறுக்கிக் கதவில் பற்றவைத்தார்கள். 2004 டிசம்பர் 8, குவைத்தில் ஒரு சிப்பாய் அதை எழுந்து நின்றே பாதுகாப்புச் செயலாளர் ரம்ஸ்ஃபெல்டிடம் கேட்டார். கையில் இருக்கிற இராணுவத்தோடுதான் போருக்குப் போகவேண்டும், பின்னொரு நாள் வேண்டுமென்று ஆசைப்படுகிற இராணுவத்தோடு அல்ல என்றார் அவர். அந்தப் போரின் நாளைத் தேர்ந்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறந்துவிட்டால் நல்ல பதில். 2005 பெப்ரவரியில் ஈராக்கின் அன்பார் மாகாணத்திலிருந்து மரைன் படையினர் 1,169 கண்ணிவெடி காப்பு வண்டிகள் அவசரமாக வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதம் தூங்கியது. 2006 டிசம்பரில் ரொபேர்ட் கேற்ஸ் பாதுகாப்புச் செயலாளராகப் பதவிக்கு வந்து, 2007இல் இதுவே அமைச்சின் முதல் வேலை என்று சொன்னபின்தான் தொழிற்சாலைகள் திறந்துகொண்டன. அதன்பின் எம்ரப் (MRAP) எனப்படும் அந்தக் கண்ணிவெடி காப்பு வண்டிகள் 27,000 வரை செய்யப்பட்டன.

கனத்த வண்டி வந்ததும் கதை சுபமாக முடிந்ததா என்றால் இல்லை. இருபது தொன்னுக்கு மேல் எடையுள்ள மாஸ்ரிஃப் ஹெல்மண்டின் வாய்க்கால் கரைகளில் போக முடியாது, பாலங்கள் தாங்காது, உயரமானதால் கரை சரிந்தால் கவிழும். வீதியை விட்டு விலக முடியாத வண்டி எந்த வீதியால் வரும் என்பது குண்டு புதைப்பவனுக்கு முதலே தெரியும். ஆகவே ஸ்னாட்ச் ஆப்கானிஸ்தானிலும் ஓடிக்கொண்டிருந்தது. 2008 ஜூன் 17இல் லஷ்கர் கா அருகே ஒரு ஸ்னாட்ச் வெடியில் சிக்கி நால்வர் இறந்தார்கள். ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட முதல் பிரித்தானியப் பெண் படையினர் அவர்களில் ஒருவர். ஈராக்கில் பக்கத்திலிருந்து வந்த அடி இங்கே கீழிருந்து வந்தது. அதே ஆண்டு எஸ்.ஏ.எஸ். என்ற பிரித்தானியச் சிறப்புப் படையின் தொண்டர் பிரிவின் மேஜர் ஒருவர் தளபாடங்களின் நிலையைக் கண்டித்துப் பதவி விலகினார்.

சின்ன வண்டி, V வடிவ அடி, சந்துக்குள் போகும் அகலம் மூன்றும் சேர்ந்த ஃபொக்ஸ்ஹவுண்ட் 2012இல்தான் களத்துக்கு வந்தது. ஏழரைத் தொன். நல்ல வண்டி என்கிறார்கள். அது வந்த இரண்டே வருடத்தில் பிரித்தானியர் ஹெல்மண்டை விட்டுக் கிளம்பினார்கள்.

V வடிவ அடியை மந்திரமாக நினைப்பவர்கள் மத்திய இந்தியாவின் பஸ்தரைப் பார்க்கவேண்டும். காஸ்பிரைப் பார்த்து இந்தியாவிலும் இப்படி வண்டிகள் செய்து மாவோயிஸ்ட் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். 2005 செப்டெம்பர் 3இல் பீஜப்பூர் பக்கத்தில் அப்படியான ஒரு வண்டியையே வெடிவைத்துத் தூக்கினார்கள். 24 பேர் இறந்தார்கள். வண்டி 14 கிலோவுக்குச் செய்தது என்றால் மற்றவன் அதைப்போல் பல மடங்கு புதைக்கிறான். வெடிமருந்தைக் கூட்டுவது மலிவு, கவசத்தைக் கூட்டுவதற்கு எஞ்சின், அச்சு, பாலம், வீதி எல்லாம் மாறவேண்டும். அங்கே படையினர் கடைசியில் வண்டியை விட்டிறங்கிக் காட்டுக்குள் நடப்பதையே பாதுகாப்பாகக் கருதினார்கள். யாழ்ப்பாணத்து ஆளாக எனக்கு இதில் வியப்பில்லை. பவளுக்குள் இருந்தவர்களும் செத்தார்கள்.

அமாராவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் விடவில்லை. போர்க்களத்தில் நடந்ததை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது அமைச்சின் வாதம். வண்டியைத் தெரிவுசெய்தது போர்க்களத்தில் அல்ல, இலண்டனில் ஒரு மேசையில் என்பது அவருடைய வாதம். 2013 ஜூன் 19இல் உச்ச நீதிமன்றம் அவரும் மற்றக் குடும்பங்களும் வழக்குத் தொடரலாம், உயிர் வாழும் உரிமை சிப்பாய்க்கும் வெளிநாட்டு மண்ணிலும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2017இல் அமைச்சு சமரசத்துக்கு வந்தது. பாதுகாப்புச் செயலாளர் மைக்கல் ஃபலன் அந்தத் தாய்க்கு எழுதிய கடிதத்தில், உயிர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாற்று வண்டிகளைக் கொண்டுவருவதில் ஏற்பட்ட தாமதத்துக்காக மன்னிப்புக் கேட்டிருந்தார். மகன் இறந்து 12 வருடங்கள்.

அந்தத் தாயின் வெற்றியை நான் முழுமனதோடு மதிக்கிறேன். அதே சமயம், அமாராவிலும் பஸ்ராவிலும் அந்த வண்டிகள் கடந்துபோன வீதிகளில் செத்த ஈராக்கியர்களின் தாய்மாருக்கு எந்த மேசைக்குப் போய் யாரைக் கேட்பது என்று தெரியாது என்பதும் கூடவே மனதில் ஓடுகிறது. சில்கொட் அறிக்கையில் அவர்களுக்கும் பக்கங்கள் உண்டு. இறந்த ஈராக்கியர்களின் கணக்கை எடுக்க அரசு இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மன்னிப்புக் கடிதம் அந்தப் பக்கம் போகவில்லை.

2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபின், பிரித்தானியா மாஸ்ரிஃப்களை அங்கே அனுப்பியது. அமெரிக்க எம்ரப்களும் போயின. கண்ணிவெடி வயல்களில் அவை பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. இப்போது அடி வருவது பக்கத்திலிருந்தும் இல்லை, கீழிருந்தும் இல்லை. சில நூறு டொலர் விலையில் ஒரு ட்ரோன், அடியில் கட்டிய ஒரு குண்டு, நேரே கூரையில். கவச வண்டியில் ஆக மெல்லிய இடம் கூரைதான். இரு தரப்புச் சிப்பாய்களும் பட்டறைகளில் கம்பிவலையும் இரும்புச் சட்டமும் வெட்டி வண்டிக்கு மேல் பற்றவைத்து ஓட்டுகிறார்கள். முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு தொழிற்சாலைகளே அந்தச் சட்டங்களைச் செய்து விற்கத் தொடங்கின.